லுசிண்டா இருக்குமிடம்

…வரைபடத்துல இல்லையா? அப்ப வரைபடத்தத் தூக்கி அடுப்புல போடு தம்பி! இல்லாத ஊர்லயா உக்காந்து இந்த செல்ஃபா போட்ட காப்பியக் குடிச்சிட்டிருக்க? உக்காருப்பா. நீ நட வந்த ஊர்ப்பேர்ப் பலகை என்ன, வண்டியிலயே அழுகியா போயிரும்?

லுசிண்டான்னா யாருன்னு நெனச்ச? ராணியா? கோவேறு கழுத! மலை தாண்டி மேக்க போகணும்னு கெளம்பின கூட்டம்… இந்தா, இதே கட வாசல்ல கழுத படுத்துருச்சு. அடிச்சுப் பாத்தாங்க, கொஞ்சிப் பாத்தாங்க… ம்ஹூம். அது எந்திரிக்கல, இவங்க மூட்டைய எறக்கிட்டாங்க. அது பேர்லயே ஊராயிருச்சு! அந்தப் பிடிவாதம் எங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே உண்டு. கழுத ரத்தம் இல்லப்பா! சிரிக்காத.

எங்களுக்கு மேயர் கெடையாது, நகரசபை கெடையாது, எல்லையும் கெடையாது. பலகை எங்க நிக்குதோ அதான் ஊரு. பழைய பலகையப் பனி தள்ளுற வண்டி இடிச்சுத் தள்ளினதுலேர்ந்து ஒரு பய நிறுத்துறதில்ல. ரொட்டி லாரிக்காரன் என் கடையத் தாண்டி நேரா பக்கத்து மாவட்டத்துக்கே போயிட்டான்! வயித்தெரிச்சலா இல்லையா? அதான் சொல்றேன், பலகை என் வாசல்லதான் நிக்கணும். ஓடைக்கு அந்தாண்ட டெல்மர் ஹாச்சர்னு ஒருத்தன், தன் வீட்டு முன்னாடி நடச் சொல்லிக் கேப்பான். காதுலயே வாங்காத.

என்னது? கடைசியா தபாலாபீஸ் இருந்த எடத்துல நடச் சொன்னாங்களா உங்க ரோட்டு ஆபீஸ்ல? அட, அப்ப சந்தேகமே இல்ல! எங்கப்பாதான் போஸ்ட்மாஸ்டரு! அந்த ஊறுகா ஜாடி இருக்குல்ல, அங்கதான் தபால்தலை விப்பாரு. இங்க யாரு போஸ்ட்மாஸ்டரோ அவங்க வீட்டுக்கு ஆபீசு போயிரும், கூடவே ஊரும் போயிரும். அதான் வழக்கம். இரு, உனக்கு ஆப்பிள் கேக்கு சூடு பண்றேன்… இப்படித் திரும்பி நின்னாலும் பேசுவேன், நீ கேட்டுட்டே இரு.

இந்த ஹாச்சர் குடும்பம் இருக்கே… அப்பப்பா! டெல்மரோட அத்த அயோராவ எடுத்துக்கோ. வெள்ளத்துல எங்க கட முங்கினப்ப தபால் மூட்டையத் தூக்கிட்டுப் போனா. எங்க வச்சா? இப்ப டெல்மர் இருக்கானே, அதே வீட்டுக் கோழிக் கொட்டாய்ல! கல்யாணப் பத்திரிக பூரா கோழிப்பீ வாசன! தபால்தலைக்கு மேலயே முட்ட! வெள்ளம் வடிஞ்சதும் திருப்பிக் குடுத்தாளா? மாட்டேன்னுட்டா! கவர்மெண்டு வந்து மொத்தமா இழுத்து மூடுற வரைக்கும் ஆபீசு அந்தக் கொட்டாய்லதான் கெடந்துச்சு. கேட்டியா அநியாயத்த? கேக்கு மேல சக்கர தூவட்டா?

தம்பி?

…காப்பி பாதி கெடக்கு. வண்டியக் காணோம். அதென்ன சத்தம், கம்பம் அடிக்கிறாப்ல டொம்மு டொம்முனு? பாலத்துக்கு அந்தாண்ட… டெல்மர் வீட்டுக்கிட்ட… அய்யய்யோ, கோழிக் கொட்டாய்! அடியே செல்ஃபா, தவள தன் வாயால கெடும்பாங்களே, கெட்டியேடி!

டேய் தம்பீ! நிறுத்துடா! அப்ப நான் எந்த ஊருடா?