எம்.டி. கத்தாத நாட்கள்

இந்த அறையில் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை, சார். கொஞ்சம் சாய்வாகப் போட்டால் எதிரில் இருப்பவர் மனம் விட்டுப் பேசுவார். இருபது வருடங்களாகப் பெரிய மனிதர்களைப் பேச வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன். நேற்றிலிருந்து நீங்கள் என்னை ஆறு முறை இடைமறித்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். அதனால்தான் பேசுவதைவிட எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குப் பிடிபடவில்லை. அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் வாயிற்காவலருக்கும் பிடிபடவில்லை. "கோச்சுங்கறீங்களே, எந்த விளையாட்டுக்கு சார்?" என்று முதல் நாளே கேட்டார். நான் ஜெயித்தவர்களிடம் மட்டும்தான் போவேன். அவர்களுக்குத் தொழில் தெரியும். கூட இருப்பவர்கள் உயிரை வாங்காமல் அதைச் செய்யத்தான் தெரியாது. அந்த ஒரு குணத்தை நான் திருத்துவேன். இதுவரை தொண்ணூற்றொன்பது பேரைத் திருத்தியிருக்கிறேன். இந்த எம்.டி. நூறாவது ஆள்.

இவருடைய குணம் கத்துவது. இவரைச் சுற்றி வேலை செய்யும் பத்துப் பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். பத்துப் பேருக்கும் ஒரே பதில். மாடியில் இவர் கத்தினால் கீழே பொட்டலம் கட்டும் பெண்களின் கையிலிருந்து கப்பு நழுவுமாம். கணக்குப் பிரிவில் ஒருவர், இவருடைய கார் சத்தம் கேட்டதும் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்வாராம்.

என் முறை எளிமையானது. ஆறு மாதம், நூற்றெண்பது நாள். யார் எதைச் சொன்னாலும் எம்.டி. "நன்றி, யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எதிர்க்கேள்வி கூடாது. விளக்கம் கூடாது. "ஆனால்" கூடவே கூடாது. கோபம் வந்தால் வேறு யாரிடமும் போகாமல் எனக்குப் போன் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பத்துப் பேரும் அவருக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். நூற்றெண்பதாம் நாள் விழா.

வாசலில் "எம்.டி. கத்தாத நாட்கள்" என்று பலகை வைக்கச் சொன்னேன். புதுப் பலகை வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "விபத்தில்லாத நாட்கள்" என்று அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. தினமும் எண் மாற்றும் வசதி அதில் இருந்ததால், அதன் மேலேயே தாளை ஒட்டிக்கொண்டோம்.

மூன்றாம் மாதமே மதிப்பெண் எட்டைத் தொட்டது. கணக்குக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எம்.டி.யின் மனைவி மட்டும் ஒருநாள் போன் செய்தார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க இவர? கூரை ஒழுகுதுங்கன்னா நன்றிங்கறாரு. பையன் ஃபெயிலுங்கன்னா நன்றி, யோசிக்கிறேங்கறாரு. நான் குடும்பம் நடத்தறது மனுஷனோடயா, வாழ்த்து அட்டையோடயா?"

வீட்டிலும் பலன் தெரிகிறது என்று குறித்துக்கொண்டேன்.

எல்லாம் கூடி வந்த வேளையில் எனக்கு வாய்த்தவர் பராமரிப்புப் பிரிவின் தலைவர். அங்கே எல்லாருக்கும் அவர் ஸ்பேனர் அண்ணன். கூட்டத்துக்கும் ஸ்பேனரோடுதான் வருவார். எழுந்து போன பிறகு நாற்காலியில் எண்ணெய்க் கறை இருக்கும். மற்ற ஒன்பது பேரும் ஒன்பது, பத்து என்று போட, இவர் மட்டும் மாதா மாதம் இரண்டு போட்டார். ஒரே ஒரு மனிதரால் சராசரி ஒன்பதைத் தொட மாட்டேன் என்று நின்றது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"எம்.டி. கத்தறாரா?"

"இல்லீங்க."

"மரியாதையா பேசறாரா?"

"ரொம்ப. கூச்சமா இருக்கு."

"அப்புறம் ஏன் ரெண்டு?"

"முன்னாடி ஒரு குழாய் போச்சுன்னா என் பரம்பரையவே இழுத்து வச்சுத் திட்டுவாரு சார். மறுநாள் காலைல புதுக் குழாய் வாசல்ல வந்து நிக்கும். இப்ப நாலு மாசமா நன்றிங்கறாரு. அந்த நன்றிய எதுல மாட்டி நான் முடுக்கறது?"

நான் கேட்டது நடத்தையைப் பற்றி. அவர் பேசியது குழாயைப் பற்றி. இரண்டும் வேறு வேறு என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த மாதமும் இரண்டு போட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித்தான் வேலை செய்வது, சொல்லுங்கள்.

நூற்றெழுபத்தெட்டாம் நாள் மதியம் அவரே என்னைப் போனில் கூப்பிட்டார். குளிர் அறைக்குள் போகும் அம்மோனியா வாயுக் குழாயின் வெல்டிங் விட்டுக்கொண்டிருக்கிறது. நாலு மாதமாகக் கேட்டும் கொள்முதல் மேனேஜர் புதுக் குழாய் வாங்கவில்லை. உடனே ஆலையை இரண்டு நாள் நிறுத்த வேண்டும், அதற்கு எம்.டி.யின் கையெழுத்து வேண்டும் என்றார்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? நன்றி, யோசிக்கிறேன்னாரு. மூஞ்சி செவந்து போச்சு, பாவம், உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கறாரு. சார், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு தடவ அவரக் கத்த விடுங்க. உள்ள நாப்பது பொம்பளைங்க வேலை செய்யறாங்க."

"நன்றி" என்றேன். பயிற்சி கொடுப்பவன் தன் முறையைத் தானும் கடைப்பிடிக்க வேண்டும் இல்லையா?

போனை வைத்த பத்தாவது நிமிடம் எம்.டி. கூப்பிட்டார்.

"கோச், தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. அந்தக் கொள்முதல்காரன் சட்டையப் புடிச்சு உலுக்கணும் போல இருக்கு. ஆலைய நிறுத்திட்டு நானே போய்ப் பாத்துடவா?"

பழைய குணம் திரும்பி வரும்போது நல்ல காரணம் ஒன்றைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும் என்று அவருக்கு விளக்கினேன். நீங்கள் நகர வேண்டாம், உங்களுக்குப் பதிலாக நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி "சரி" என்றார்.

நான் போனேன். இதை நேற்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லும் முன்பே என்னை இடைமறித்துவிட்டீர்கள். மணி நாலு இருக்கும். ஸ்பேனர் அண்ணன் குளிர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார். குழாயின் வளைவில் ஈரத் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். கண் எரிந்தது. தொண்டை கமறியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"இப்ப நம்பறீங்களா சார்?"

நம்பினேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. எம்.டி.யிடம் சொல்கிறேன் என்று அவர் தோளைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

"நேர்ல பாத்துட்டேன்," என்று எம்.டி.யிடம் சொன்னேன். "பயப்பட ஒண்ணுமில்ல. உங்களக் கத்த வச்சு வேடிக்கை பாக்க நினைக்கறாரு, அவ்வளவுதான்."

எம்.டி. மூச்சை விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தார். "நன்றி" என்றார். அந்த ஆறு மாதத்தில் அவ்வளவு இயல்பாக அவர் அதைச் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மோனியாவும் காரணமாக இருக்கலாம்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஸ்பேனர் அண்ணன் மேல் எனக்குப் பகை இல்லை. இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒருவர் மேல் வஞ்சம் வைக்கிற ஆள் நான் இல்லை. ஐந்து மாதம் தொடர்ந்து போட்டார், அது வேறு. ஆலையை நிறுத்தியிருந்தால் எம்.டி. கொள்முதல் மேனேஜரைப் பார்த்துக் கத்தியிருப்பார். லாரிக்காரர்களிடம் கத்தியிருப்பார். பலகையில் மறுநாள் பூஜ்யம். விழாவுக்கு நாற்பது தொழிற்சாலைகளின் தலைவர்கள் வருவதாக இருந்தது; அவர்களிடம் பூஜ்யத்தைக் காட்டி நான் எதைப் பேசுவது? குழாயை நான் அலட்சியப்படுத்தவும் இல்லை. விழாவுக்கு அடுத்த நாள் பக்கத்தில் "குழாய் பற்றிப் பேசவும்" என்று என் டைரியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட டைரிதான். பாருங்கள்.

மறுநாள் காலை முற்றத்தில் மேடை கட்டிக்கொண்டிருந்தபோது குழாய் வெடித்தது. மின்சாரம் போனது, அதனால் அபாயச் சங்கும் ஊதவில்லை. ஸ்பேனர் அண்ணன் வால்வை மூட உள்ளே ஓடினார். அவர் திரும்பவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பவில்லை. மற்றவர்கள் புகையில் வழி தெரியாமல் உள் அறைப் பக்கமாக ஓடினார்கள். அப்போதுதான் மாடி வராந்தாவிலிருந்து எம்.டி.யின் குரல் வந்தது.

"அறிவு கெட்டதுகளா! உள்ள எங்க போறீங்க? திரும்புங்க! பின்வாசல்! பின்வாசலுக்கு ஓடுங்க!"

கேட்டுப் பழகிய குரல் அல்லவா, அத்தனை பேரும் அப்படியே திரும்பினார்கள். முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள்.

நீங்கள் கேட்ட ஒப்புதலையும் எழுதிவிடுகிறேன். குழாய் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எம்.டி.யிடம் பொய் சொன்னேன். மூன்று பேர் இறந்தார்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

எம்.டி. இப்போது யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆற்றாமைதான். நூற்றெழுபத்தெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், சார். இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.