சாயங்காலக் கோப்பி

இதை எழுதலாமா என்று நான்கு வருடமாகத் தயங்கினேன். கோயிலில் காதில் விழுந்ததை வெளியே சொல்வது பாவமோ என்று பயம். அம்மன் மன்னிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சிராங்கூன் ரோடு கோயில் வரிசையில் எனக்கு முன்னால், ஊரிலிருந்து பிழைக்க வந்த இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் நின்றார்கள். ஒருவர், வேலையும் செய்துகொண்டு ஆட்களை லாரியில் ஏற்றிப் போய் வருகிறவர். மற்றவர் அந்த லாரியில் போகிறவர்.

“சாமி கும்பிடும்போது கண்ண மூடாதீங்கண்ணே. போன வாரம் நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்க.”

“படுத்தா வரமாட்டேங்குதுடா. ஸ்டியரிங்கப் பிடிச்சாத்தான் வருது.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“சாயங்காலக் கோப்பிய நிறுத்தச் சொன்னாரு. அதான் ராத்திரித் தூக்கத்தக் கெடுக்குதாம்.”

“ஐயோ! நீங்க வண்டியில கண்ணசந்துடக் கூடாதுன்னு நாங்கதானே தெனமும் திக்கா வாங்கித் தர்றோம். முதலாளிகிட்ட சொல்லுங்கண்ணே, வேற ஆள் ஓட்டட்டும்.”

“சொன்னா என்னைய ஊருக்கு அனுப்பிடுவான்.”

வரிசை நகர்ந்தது.

“அப்ப நாளைக்கும் வாங்கிட்டு வர்றேண்ணே.”

“சீனி வேணாம்டா. சுகர் இருக்குன்னு சொல்லிட்டாரு.”

லாரியில் போகிற அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொண்டேன். படிக்கிறவர்கள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.