பம்ப் நன்றாகத் தட்டுகிறது

சாயங்காலம் ஆறரை. அரூர் ரோட்டில் ஊருக்குத் திரும்பும் பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் புளியமரம், ஆள் நடமாட்டமில்லை. மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு காலேஜ்... பேர் வேண்டாம்.

இன்னும் கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. வார்டன் ஹாஸ்டலை வெளியே பூட்டிக்கொண்டு போயாயிற்று. எழுபத்துமூன்றில், என் சிநேகிதி அமீனாவின் அக்கா ஷரீபுன்னிசாவுக்கு அங்கே பிஸிக்ஸ் லேபில் நடந்த பேய்க்கதை இது. அமீனா இங்கே இல்லை, அதனால் சொல்கிறேன்.

"பிஸிக்ஸ் லேப்ல பேயாடி? பரிட்சை எழுதிப் பாஸ் பண்ணுச்சா?" என்கிறாள் தங்கம்மாள்.

"எழுதத்தான் விடலை. வாயை மூடிட்டுக் கேளு."

ஷரீபு அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவள் அப்பா அப்துல் சுபான் ஒரே கண்டிஷன் போட்டிருந்தார். டிகிரி வாங்கு, இல்லையா, கிருஷ்ணகிரி மாப்பிள்ளையோடு நிக்காஹ். மறுநாள் பிராக்டிகல் பரிட்சை. ஒரு சோதனை பாக்கி. அதை முடிக்காவிட்டால் பரிட்சைக்கு விடமாட்டார்கள்.

ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் தகடு. பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே கரண்ட் விட வேண்டும். காற்று நிறைய இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குறையக் குறைய ஊதா நூல் மாதிரி வெளிச்சம் நெளியும். பிறகு குழாய் முழுக்க ரோஸ் நிறம். இன்னும் உறிஞ்சினால் வெளிச்சம் தட்டுத் தட்டாகப் பிரியும். ஒரு முனையிலிருந்து இருட்டு வளர்ந்து வரும்... கடைசியில் குழாய் முழுக்க இருட்டுதான். கண்ணாடி மட்டும் பச்சையாக மினுங்கும்.

இதைப் பார்க்க இருட்டறை வேண்டும். பையன்கள் அட்டெண்டரோடு பகலிலேயே உள்ளே போய் முடித்துவிடுவார்கள். பெண் என்றால் கடைசியில்தான். அதுவும் தனியாக. இருட்டில் ஆணோடு நிற்கக் கூடாதாம். அதனால் அவளை உள்ளே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அட்டெண்டர் மாது வாசலில் காவல் இருப்பார். மானத்துக்குத் தாழ்ப்பாள். உள்ளே இருப்பவளின் மூச்சைப் பற்றி எவனுக்கு என்ன.

மாதுவுக்குப் பிஸிக்ஸ் சார் சொல்லிவைத்தது இதுதான். பம்ப் முதலில் கொரகொர என்னும். காற்று நன்றாக இறங்கியதும் டக்... டக்... என்று தட்டும். தட்டினால் வேலை ஒழுங்காக நடக்கிறது. கதவைத் திறக்காதே, வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும்.

"பயப்படாத பாப்பா. முடிஞ்சா குரல் குடு," என்றார் மாது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலில் கறுப்புத் துணி. பம்ப் எண்ணெய் வாடை. கரண்ட் கொடுக்கும் காயில் பெட்டி இரைந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே, அந்தக் காரமான வாடை... நூல் வந்தது. ரோஸ் வந்தது. இருட்டு வளர்ந்தது. டக்... டக்...

அளவுகளை எடுத்து முடித்தாள். காயில் பெட்டியை அணைத்தாள். பம்பை அணைத்தாள்.

டக்... டக்...

சுவிட்ச் கோளாறு என்று பம்ப் வயரைப் பிடித்து இழுத்தாள். அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

டக்... டக்...

சத்தம் கதவில். உள்பக்கம். தரையில் விழுந்து கிடப்பவர் கை எட்டுமே, அந்த உயரத்தில்.

திரும்பினாள். குழாய் அணையவில்லை. ரோஸ் வெளிச்சம் பெருத்தது... சுருங்கியது... பெருத்தது. மூச்சிழுப்புக்காரர் மார்பு மாதிரி.

இரண்டு வருஷம் முன்பு அதே அறையில் செல்லம்மாள் செத்துப்போனாள். வத்தல்மலையிலிருந்து படிக்க இறங்கி வந்த பெண். இழுப்பு உண்டு. அன்று பம்ப் நெடுநேரம் நன்றாகத் தட்டியது என்றுதான் மாது எல்லோரிடமும் சொன்னார். ஹார்ட் என்று சொல்லி முடித்தார்கள். அறைக்கு வெள்ளையடித்தார்கள். தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

ஷரீபு கத்தினாள். சத்தம் வரவில்லை. காற்று இருந்தால்தானே சத்தம். நெஞ்சு ஒட்டிக்கொண்டது. கதவுப் பக்கமிருந்து இருட்டு இன்னும் கெட்டியாகி அவளைப் பார்த்து வளர்ந்தது. தட்டுத் தடுமாறிப் போய்க் கதவை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

வெளியிலிருந்து மாதுவின் குரல்.

"பம்ப் ஜோரா தட்டுது பாப்பா. நிதானமா பாரு."

காலேஜுக்கே ஒரு குழாய்தான். மறுநாள் பரிட்சைக்கும் அதுதான். உடைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். டிகிரி போச்சு.

ஸ்டூலைத் தூக்கி அடித்தாள்.

பட்... உஸ்ஸ் என்று காற்று பாய்ந்தது. அவள் நெஞ்சிலும். கண்ணாடி உடைகிற சத்தத்துக்குத்தான் மாது கதவைத் திறந்தார்.

வேண்டுமென்றே உடைத்தாள் என்று பரிட்சைக்கு விடவில்லை. அடுத்த மாதமே நிக்காஹ். கிருஷ்ணகிரி மாப்பிள்ளையும் கடைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போகிறாராம்.

அமீனாவிடம் ஷரீபு இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் வராந்தாவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாது பழக்கத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்டவர் அப்படியே நின்றார். காதைக் கதவில் வைத்தார்.

"ஏன் பாப்பா, பம்பை நிறுத்தாமயா வந்துட்ட? இன்னும் தட்டுதே."

பிய்ந்த வயர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.