ஏழுக்கு ஏழு

ஐயோ, நீங்க உக்காருங்க அண்ணி. டீ நானே போட்டுக்கறேன். என்ன, விருந்தாளியப் பாக்கற மாதிரி பாக்கறீங்க? சரி, பாருங்க, தப்பில்ல. அண்ணன் காரியம் முடிஞ்சு போனவ, இத்தனை மாசம் கழிச்சு இன்னைக்குத்தானே இந்தப் பக்கம் தலையக் காட்டறேன்.

வேலையா? ஆமா, வேலைதான். எங்க ஆஸ்பத்திரியில ஒரு புத்தகம் போடறாங்க. நோயாளி இறந்துட்டா அந்தக் குடும்பத்துகிட்ட நாங்க எப்படி நடந்துக்கணும், அவங்க வீட்டுக்குப் போனப்புறம் என்ன செய்யணும்னு வழிமுறைங்க. அதெல்லாம் தேறுமா தேறாதான்னு பாக்க நாலு பேரு, அதுல நானும் ஒருத்தி. ஒவ்வொண்ணுக்கும் ஏழுக்கு இத்தனைன்னு மார்க் போடணும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஆறுதலுக்கு மார்க் போடற உத்தியோகம்.

நான் ரொம்பக் கறாரு. இதுக்கு ஆதாரம் என்ன, பறிகொடுத்தவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு எழுதினவங்களக் குடைஞ்சு எடுத்துட்டேன். என்னைக் கண்டாலே வேற வழியாப் போவாங்க.

அதுல ஒண்ணு இருந்துச்சு. அந்தக் குடும்பமே கூப்பிடற வரைக்கும் நாம தேடிப் போக வேணாம், தனியா விடறதுதான் அவங்களுக்கு நல்லதுன்னு. மத்த மூணு பேரும் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டாங்க. நான் ஏழு போட்டேன். ஏன்னு கேட்டாங்க. எங்க அண்ணி அப்படித்தான், யாரும் வராம இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி, நான் கூடவே இருந்து பாத்தேன்னு சொன்னேன்.

ஆமா அண்ணி. கூடவே இருந்தேன்னு.

பாவம், பட்டவ சொல்றான்னு எல்லாரும் அடங்கிட்டாங்க. அந்த மூணு பேர்ல ஒரு டாக்டரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் கைய இழுத்துக்கல. எல்லாரும் மார்க்க ஏத்திட்டாங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது. அப்புறம் எல்லா வார்டுலயும் அதுதான் சட்டம்.

இந்தாங்க, சூடா இருக்கு, பாத்துக் குடிங்க. காலையில போய் அதை நிறுத்தச் சொல்லணும். என்ன சொல்லி நிறுத்தறதுன்னுதான் தெரியல. பொய் சொன்னேன்னா? சொல்லித்தான் ஆகணும்.

இத்தனை மாசத்துல நீங்க ரெண்டு தடவ போன் பண்ணீங்கல்ல? ரெண்டு தடவையும் போன் என் கையிலதான் இருந்துச்சு. உங்க பேரு வந்துச்சு, அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

எதுக்கு அண்ணி கூப்பிட்டீங்க?