ராசாவுக்கு எங்கை வெட்டுப்பட்டது?

— வெட்டுப்பட்டவளின்ரை பகுதி ஆக்களே வழக்கு வேண்டாமெண்டு சொல்லுகினம். அதுக்குப் பிறகு அரசாங்கத்து வக்கீல் உங்களுக்கென்ன, பிறக்கிராசியார்?

— இருங்கோ அம்பலவாணர். முதலிலை சால்வையாலை முகத்தைத் துடையுங்கோ. பண்டத்தரிப்பிலையிருந்து இந்த வெய்யிலுக்கை வந்திருக்கிறியள். பிள்ளை, நீரும் அந்த வாங்கிலை இரும்.

— அவள் நிப்பாள். உள்ளதைச் சொன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே நீங்கள் கேட்டால் காட்டத்தான். குணலட்சுமி, கையைக் காட்டு பிள்ளை. பாருங்கோ, காயம் மாறீட்டுது.

— காயம் மாறீட்டுது. விரல் மடங்குதோ பிள்ளை?

— பெருவிரலும் சுட்டுவிரலும் ஐயா... மற்றது...

— மடங்கும், மடங்கும். எண்ணெய் போட்டு உருவினால் எல்லாம் சரிவருமெண்டு எங்கடை பரியாரியார் சொல்லிப்போட்டார்.

— ஆசுப்பத்திரி டொக்குத்தர் அப்பிடி எழுதேல்லை. நரம்பு அறுந்துபோச்சு, மூண்டு விரல் இனி மடங்காதெண்டு எழுதியிருக்கிறார். அதுவும் வலக்கை.

— கதிரேசு வேணுமெண்டு செய்தவனோ? கூடப்பிறந்த தமையன், பிறக்கிராசியார். வேலி அடைச்சுக்கொண்டு நிண்டவன். கையிலை கத்தி இருந்தது. இவள் ஓடிவந்து, அவன் வெட்டிக்கொண்டு நிண்ட கதியால் தடியைப் பிடிச்சுப்போட்டாள்.

— ஏன் பிடிச்சவ?

— வேலி கொஞ்சம் தள்ளிப்போச்செண்டு.

— ஆற்ரை காணிக்குள்ளை?

— இவளின்ரை சீதனக் காணிக்குள்ளைதான். கொஞ்சந்தான்.

— கொஞ்சமெண்டால்?

— கிணத்தடி வரைக்கும்.

— அப்ப கிணறும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

— உள்ளதைச் சொன்னால் அதெல்லாம் முடிஞ்ச கதை, பிறக்கிராசியார். இவளின்ரை மனுசன் மலாயாவிலை, றெயில்வேயிலை. அவன் இல்லாத இடத்திலை தாய்மாமன் நான்தானே பொறுப்பு. பகுதி ஆக்கள் எல்லாரையும் வயிரவர் கோயிலடியிலை கூட்டினனான். வேலியைப் பழைய இடத்திலையே அடைச்சுத் தாறனெண்டு கதிரேசு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவன். வழக்கு வேண்டாமெண்டு இவளின்ரை பக்கத்தாலையும் அணைச்சாச்சு. வயிரவருக்கு முன்னாலை தீர்ந்த வழக்கை நீங்கள் ஏன் கோட்டுக்கு இழுக்கிறியள்?

— அங்கைதான் பிழை விட்டிட்டியள். வழக்கு உங்கடை பகுதியின்ரை எண்டு நினைச்சுத் தீர்த்திருக்கிறியள். வழக்காளி ஆரெண்டு இந்தத் தாளிலை பாருங்கோ. ராசா. எதிரி, கதிரேசு.

— ராசாவோ? சீமையிலை இருக்கிற ராசாவுக்கு எங்கை வெட்டுப்பட்டது?

— நல்லாக் கேட்டியள். ஆறுதலாய்ச் சொல்லுறன் கேளுங்கோ. உங்கடை ஊர் விதானையார் பொலிசுக்கு அறிவிச்சார். பொலிசு விசாரிச்சு நீதவானுக்கு முன்னாலை வைச்சது. கடுங்காயம் எண்டபடியால் வழக்கு மேல்கோட்டுக்கு வந்திட்டுது. அங்கை ராசாவின்ரை பேரிலை எழும்பி வழக்கை நடத்திறதுதான் என்ரை வேலை. எனக்கு மேலை கொழும்பிலை அற்றோணி ஜெனறல் துரை இருக்கிறார். அவர் விடச் சொன்னால் விடலாம். நானாய் விடேலாது.

— அப்ப வெட்டுப்பட்டவள் ஆர்?

— சாட்சி.

— வெறுஞ் சாட்சியோ? இதென்ன ஞாயம்!

— ஐயா, சாட்சியிட்டை என்ன கேப்பினம்?

— நடந்ததைக் கேப்பினம் பிள்ளை. உம்மட்டைத்தான் கேப்பினம். பக்கத்திலை நிண்டு வேறை ஒருத்தரும் மறுமொழி சொல்லேலாது.

— நீ சும்மா இரு பிள்ளை. கோட்டுக் கூண்டிலை ஏறுறதெல்லாம் எங்கடை பொம்பிளையளுக்குச் சரிவராது. பிறக்கிராசியார், உங்களை இந்தக் கதிரையிலை இருத்தினது ஆர்? எங்கடை ஊர் அமெரிக்கன் மிசன் துரை ஒருக்கால் சொன்னவர், அவையின்ரை தேசத்திலை வழக்குத் தொடுக்கிறவரையும் சனமே வோட்டுப் போட்டுத்தான் வைக்குமாம். அது முறை. எங்களைக் கேட்டோ உங்களை வைச்சது?

— இல்லை. உங்களைக் கேட்டு வைச்சிருந்தால் இண்டைக்கு நீங்கள் சொன்ன உடனை இந்தத் தாளைக் கிழிக்கவேணும். கதிரேசுவின்ரை பகுதியிலை எவ்வளவு வோட்டு இருக்கும்?

— அடேயப்பா! எங்கடை வட்டாரம் முழுக்க அவன்ரை பகுதிதான். நான் கை காட்டினால் ஒரு வோட்டும் சிதறாது.

— குணலட்சுமிக்கு?

— அவளுக்கு ஒண்டு. அதுவும் போன மாசித் தேர்தலிலை, ஆளுக்கொரு நிறப் பெட்டி வைச்ச இடத்திலை, நான் சொன்ன பெட்டியிலைதான் போட்டவள். சிவப்புப் பெட்டி.

— இப்ப விளங்குதோ, ராசா ஏன் தன்ரை பேரைக் குடுத்து வைச்சிருக்கிறாரெண்டு?

— எனக்கு விளங்கிறது ஒண்டுதான். ஆவணியிலை கதிரேசுவின்ரை மூத்தவளுக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கவும் நாள் பார்த்தாச்சு. தேப்பன் மறியற்சாலைக்குப் போனால் மாப்பிளை பகுதி வந்து தாலி கட்டுமோ? அந்தப் பிள்ளை பூரணம் என்ன பாவம் செய்தவள்? நான் வேறை ஆருக்காகவும் வரேல்லை, பிறக்கிராசியார். உங்கடை காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பன்.

— சீச்சீ, இருங்கோ. எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். ஒரு வழி இருக்கு. சின்னக் காயமெண்டு குற்றத்தைக் குறைச்சுப் போட அனுமதி தாருங்கோ எண்டு நான் கொழும்புக்கு எழுதலாம். கூடப்பிறந்த சண்டை, சமாதானமாய்ப் போட்டினம் எண்டு நான் எழுதினால், துரை பெரும்பாலும் மறிக்கமாட்டார். சின்னக் காயமெண்டால் காயப்பட்டவவே கோட்டிலை வந்து, நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லி வழக்கை முடிக்கலாம்.

— அப்பிடிச் சொல்லுங்கோ! இதை முதலே சொல்லியிருந்தால் நான் உங்களோடை இவ்வளவு வாய் காட்டியிருப்பனே? எழுதுங்கோ, இப்பவே எழுதுங்கோ.

— எழுதமுதல் ஒண்டு கேக்கவேணும். கோயிலிலை இவவின்ரை பக்கத்தாலை கற்பூரம் அணைச்சது ஆர்?

— நான்தான்.

— இவ ஏன் அணைக்கேல்லை?

— வலக்கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது.

— இடக்கை இருந்ததே?

— சிவ சிவா! இடக்கையாலை ஆரும் சத்தியம் பண்ணுவினமோ? அதுதான் இவளுக்காக நான் அணைச்சன். தாய்மாமன்ரை கையும் இவளின்ரை கையும் வேறையோ?

— வயிரவருக்கு அது காணுமோ என்னவோ, கொழும்புக்குக் காணாது. பிள்ளை குணலட்சுமி, இஞ்சை பாரும். அம்மானைப் பாக்காதையும், என்னைப் பாரும். எழுதட்டோ?

— ஓமெண்டு சொல்லு பிள்ளை.

— அம்பலவாணர், நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.

— ஐயா, நான் ஓமெண்டால் வழக்கு என்ரை கைக்கு வருமோ?

— வரும். உம்மடை மன்னிப்பிலைதான் தங்கியிருக்கும்.

— நான் வேண்டாமெண்டால்?

— ராசாவிட்டையே இருக்கும். நீர் சாட்சி.

— அண்டைக்குக் கோயிலிலை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, ஐயா. நான் பொம்பிளையளோடை பின்னாலை நிண்டனான். அண்ணை எல்லாருக்கும் மறுமொழி சொன்னவர். என்ரை பக்கம் திரும்பிப் பாக்கவேயில்லை. கை நோகுதோ தங்கச்சி எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தாரெண்டால், நான் இடக்கையாலை எண்டாலும் அணைச்சிருப்பன். வயிரவர் என்னைக் கோவிச்சிருக்க மாட்டார்.

— பிள்ளை, பூரணத்தை யோசிச்சுப்பார்!

— அவளை யோசிச்சு யோசிச்சு அழுதுதான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை, அம்மான். என்ரை மடியிலை வளந்தவள். அவளுக்குத் தலை பின்னிவிடக்கூட இனி இந்தக் கையாலை ஏலாது. அவளின்ரை கலியாணத்துக்கு நான் குறுக்கை நிக்கேல்லை. அவளின்ரை தேப்பன் வேலியைத் தள்ளேக்கை அவளை யோசிச்சிருக்கலாம். எனக்கு நெஞ்சு ஆறேல்லை. ஆறாமல் ஆறீட்டுதெண்டு நான் சொல்லமாட்டன். எழுதாதையுங்கோ ஐயா. வழக்கு ராசாவிட்டையே இருக்கட்டும். நான் சாட்சி சொல்ல வாறன்.

— குணலட்சுமி! நீ ஒரு நாளும் என்ரை சொல்லுத் தட்டாத பிள்ளை. இண்டைக்கு உனக்கு என்ன வந்தது?

— இண்டைக்கில்லை அம்மான். மாசியிலையும் நான் பச்சைப் பெட்டியிலைதான் போட்டனான்.