வாயில் வராத பேர்

— கையை இறக்காதே! துப்பாக்கி தலைக்கு மேலதான் இருக்கணும், விளங்குதா? இப்பச் சொல்லு. ரோல் கால்ல தொண்டை கிழியக் கத்துறேன், இருளாண்டி, இருளாண்டின்னு. மரம் மாதிரி நின்னியே, ஏன்?

— காதுல விழுகலைங்க ஏட்டய்யா.

— பக்கத்துல நிக்கிறவன் விலாவுல இடிச்ச பெறகுல்ல ‘எஸ் சார்’னு முழிச்சே! நேத்து சாப்பாட்டுக் கொட்டகையிலயும் இதே கூத்து. காரைக்குடி வெயிலு காதை அடைச்சிருச்சாக்கும்? சொந்தப் பேருக்குத் திரும்பாத ரெக்ரூட்ட நான் இப்பத்தான்டா பாக்குறேன்.

— தப்புத்தாங்கய்யா. இனிமே திரும்புறேன்.

— இனிமே திரும்புறதுக்கு இது என்ன நேத்து வச்ச பேரா? இன்னொண்ணும் கேக்குறேன். ஆளெடுக்கிறப்ப அளந்த மாரு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. இங்க வந்து நான் அளந்தா முப்பத்துமூணு. எங்குட்டுப் போச்சு பாக்கி?

— வீட்டுல ஒரு சாவுங்கய்யா. சோறு தண்ணி இறங்கலை. அதான் வத்திப்போனேன்.

— போன வருசம் ஒருத்தன் இப்பிடித்தான் பேருக்கு முழிச்சான். கிண்டிப் பாத்தா, அடுத்தவன் சர்டிபிகேட்டுல வந்துருக்கான். இப்ப எங்க இருக்கான் தெரியுமா? மதுரை ஜெயில்ல களி திங்கிறான்.

— ஐயையோ, நான் அப்பிடியில்லைங்கய்யா!

— அப்ப எப்பிடி? சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வாராரு. உன்னை அவரு முன்னாடி நிப்பாட்டுறதா வேணாமான்னு நான் இப்பவே முடிவு பண்ணணும். சொல்லுடா. வேர்த்து ஊத்துறதப் பாரு.

— அது வந்துங்கய்யா... அது எங்க ஐயா பேரு. அப்பனப் பெத்தவரு பேரு. எங்காத்தாவுக்கு மாமனாரு. மாமனாரு பேரை ஆத்தா எப்பிடிச் சொல்லும்? வீட்டுல தம்பி தம்பின்னே கூப்பிட்டு, ஊருலயும் அதே நின்னு போச்சு. அந்தப் பேரச் சொல்லி யாருமே கூப்பிட்டதில்லைங்கய்யா.

— ம். மாமனாரு பேரு.

— ஆமாங்கய்யா.

— நானும் இந்தப் பக்கத்து ஆளுதான்டா, குன்றக்குடி. எங்க ஐயா பேரு முருகையா. எங்கம்மா அம்புட்டுப் படியும் ஏறிப் போயி, சாமி முன்னாடி நின்னாக்கூட முருகான்னு கூப்பிடாது. ‘மலைமேல இருக்கவரே’ன்னுதான் கும்பிடும்.

— அதேதாங்கய்யா! அதேதான்!

— துள்ளாதே. வாசல்ல ஒரு பொம்பள தூக்குச்சட்டியோட நிக்கிதுன்னு சென்ட்ரி சொன்னான். கல்லல் டேசன்ல ரயிலேறி வந்துருக்காம். உங்காத்தாதானே?

— ஆத்தாவா? இன்னைக்கா? ஐயா, நான் ஒரே எட்டு போயி...

— நீ எங்குட்டும் போக வேணாம். இப்பிடியே நில்லு. வாயத் தொறக்கக் கூடாது, கண்ணக் காட்டக் கூடாது. அந்தம்மா வாயில இருளாண்டிங்கிற பேரு சாதாரணமா வந்துச்சுன்னு வையி, நீ சொன்னது பொய்யி. அப்பறம் நீயும் களி திங்க வேண்டியதுதான். விளங்குதா?

— ...விளங்குதுங்கய்யா.

— ஏ சென்ட்ரி! அந்தம்மாவ இங்குட்டு அனுப்பு!... வா ஆத்தா, வா. யாரைப் பாக்கணும்?

— கும்புடுறேன் சாமி. எம்மகனப் பாக்கணும். அந்தா நிக்கிறான்ல, அவந்தான். என்னய்யா இது, தேஞ்சு ஈர்க்குச்சியாப் போயிட்டே! கையை ஏன்யா தூக்கிக்கிட்டு நிக்கிறே?

— அவன் பேச மாட்டான். எங்கிட்டப் பேசு. மகன் பேரு என்ன?

— அவந்தாங்க. அந்தா நிக்கிறவன்.

— ஆளக் கேக்கலை ஆத்தா, பேரக் கேக்குறேன். இந்த மைதானம் பூராம் இவனாட்டம் கிராப்பு வெட்டி அரை டவுசரோடதான் நிக்கிறாய்ங்க. பேரச் சொன்னாத்தான் விடுவேன்.

— பேரு... இரு... வேணாம் சாமி. வாயில வரலை.

— ஏன் வரலை?

— என்னமோ வரலை. நீங்களே சொல்லுங்க, நான் ஆமாங்கிறேன்.

— அதெல்லாம் ஆகாது. சொல்லலைன்னா வந்த வழியே ரயிலேற வேண்டியதுதான்.

— அப்பச் சரி சாமி. இந்தப் பணியாரத்த மட்டும் அவங்கிட்டக் குடுத்துருங்க. சூடு ஆறக்கூடாதுன்னு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். நான் போயிட்டு வாரேன்.

— அட, நில்லு ஆத்தா! பேரச் சொல்ல முடியாம மகனையே வேணாம்னு போகுதே! சரி, வேற கேக்குறேன். வீட்டுல ஒரு சாவுன்னு இவன் சொன்னான். யாரு?

— எம்புள்ளதான். ரெண்டு பேரப் பெத்தேன். ஒருத்தன் கம்மாயில மடை தெறக்க முங்குனான். மேல வரலை.

— அடப்பாவமே... அந்தப் பய பேரு?

— பெத்தன்.

— அது மட்டும் டக்குன்னு வருது?

— அது வருதுங்க.

— செத்த புள்ள பேரு வருது, கண்ணு முன்னாடி நிக்கிறவன் பேரு வரலை! மாமனாருக்கு அம்புட்டு மரியாதை. எங்கம்மாவும் இதே ரகந்தான். டேய் இருளாண்டி!

— எஸ் சார்!

— இப்ப மட்டும் காது கேக்குதாக்கும். துப்பாக்கிய இறக்கு. தப்பிச்சே, போ. விசில் ஊதுற வரைக்கும் ஆத்தாவும் மகனும் பேசிக்கிட்டு இருங்க, நான் அங்குட்டுப் போறேன். இதுல ஒரு பணியாரத்த எடுத்துக்கிறேன் ஆத்தா. விளங்குதா?

— எடுத்துக்கங்க சாமி, நல்லா எடுத்துக்கங்க... போயிட்டாரா?

— போயிட்டாரு. மெதுவாப் பேசு ஆத்தா. எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு. உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?

— எது?

— நான் சொன்ன பொய்யி. இருளாண்டிங்கிறது உன் மாமனாரு பேரு, அதான் நீ சொல்ல மாட்டேன்னு அளந்து விட்டிருந்தேன். நீ மட்டும் சொல்லியிருந்தா இன்னைக்கே வெலங்குதான்.

— எம்மாமனாரு பேரு வீரையாவுல்ல! அந்தாளு குடிச்சுட்டு வந்த நாளெல்லாம் பேரச் சொல்லித்தானடா வைஞ்சேன். நீ சொன்ன பொய்யி எனக்கென்ன தெரியும்?

— தெரியாதா? அப்ப ஏன் சொல்லலை? அண்ணன் கருமாதிக்கு மறுநாள் போலீஸ் வேலை ஆர்டர் வந்துச்சே, அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அண்ணன் பேருல நான் போறேன், யாரு கேட்டாலும் உசுரோட இருக்கிறது இருளாண்டி, செத்தது பெத்தன்னு சொல்லுன்னு. பாதியத்தான் சொல்லியிருக்கே. உசுரோட நிக்கிற எம்பேர, கம்மாயில போனவன் பேருன்னு எம்முன்னாடியே கூசாமச் சொல்லிட்டே. அண்ணன் பேரு மட்டும் வாயில வரலையாக்கும்?

— வையாதேய்யா.

— வையலை ஆத்தா. கேக்குறேன்.

— ரயில்ல வாரப்பக்கூட முணுமுணுத்துப் பாத்தேன்டா. உம்பேர எங்க வேணும்னாலும் சொல்லிருவேன் பெத்தா, நீ கண்ணு முன்னாடி நிக்கிறேல்ல. பெரியவன் பேர எடுத்தா எனக்கு ஒப்பாரியாத்தான்டா வருது.