சாட்டிலைட்டுக்கு ஓர் அர்ச்சனை

ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மடியில் தேங்காய், பழம் வைத்த கூடை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் கேட்டார்:

"ஏம்மா, சாட்டிலைட்டுக்கு என்ன நட்சத்திரம்?"

மருமகள் சிரித்துவிட்டாள். "எதுக்கு அத்தை?"

"அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் கேப்பாங்கல்ல. அன்னிக்குக் கொள்ளிடம் பொங்கி ஊரைச் சுத்தித் தண்ணி நிக்குது. என் பொண்ணுக்கோ வலி வந்துடுச்சு. எந்த ரோட்டுல வண்டி போகும்னு ஒருத்தருக்கும் தெரியல. நீ அந்தப் படத்தை எடுத்துக் குடுக்கலன்னா என்ன ஆயிருக்கும்?"

"நான் என்ன பண்ணேன்? காலையில சாட்டிலைட் எடுத்த ரேடார் படம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. மேகம் மூடியிருந்தாலும் அதுல தரை தெரியும். தண்ணி நிக்கிற இடம் கருப்பா இருக்கும். கிழக்கு ரோட்டுப் பக்கம் பூரா கருப்பு, மேற்கால இல்ல. அவ்வளவுதான்."

"அந்த வழியாத்தானே ஆம்புலன்ஸ் போச்சு! காசு கட்டியா வாங்குன?"

"இல்ல அத்தை, யார் வேணாலும் சும்மாவே எடுத்துக்கலாம்."

"சும்மாவா? யாரு குடுக்குறா?"

"எங்கேயோ யார் யாரோ உக்காந்து வேலை பாக்குறாங்க. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

மாமியார் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மண்டபத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

"நம்ம பேத்திக்கும்தான் இன்னும் பேரு வைக்கல" என்றார் கடைசியில். "அவளுக்கும் அவங்களுக்கும் சேர்த்து, பெருமாள் பேருக்கே பண்ணச் சொல்லிடலாம்."